என்.டி.எஸ்.இ. தெரியும், என்.எம்.எம்.எஸ். தெரியாது

கல்லூரி முடித்து வேலை தேடும் ஒருவரின் ரெஸ்யூமில், அவர் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் எழுதிய தேர்வுகளுக்கு என்ன வேலை? ஓ.எம்.ஆரில் உட்கார்ந்திருக்கும் எந்த எச்.ஆரைக் கேட்டாலும் ‘ஒரு வேலையும் இல்லை, நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம்’ என்பார். அதே எச்.ஆர். அடுத்த பத்தாவது நிமிடத்தில் ஒரு ரெஸ்யூமைத் தூக்கிக் காட்டி, ‘பையன் கே.வி.பி.ஒய். ஸ்காலர், விட்டுடாதீங்க’ என்று குழு வாட்ஸ்அப்பில் போடுவார். இரண்டையும் அவர் பொய் இல்லாமல்தான் செய்கிறார். தான் எதைப் பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்தத் தெரியாமையைப் பற்றியது.

நான் பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம், புதிதாகக் கல்லூரி முடித்து வருகிறவர்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் தொழில்நுட்பக் கேள்வி கேட்பவனாக உட்கார்ந்திருக்கிறேன். வீடு கிழக்குத் தாம்பரம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சேலையூர்ப் பக்கம் தோழர்கள் நடத்தும் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு ரெஸ்யூம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ரெஸ்யூம் படிக்கிறவன், ஆறாவது நாள் எழுதிக்கொடுக்கிறவன். இந்த இரண்டு நாற்காலிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் இரண்டு தேர்வுகளைச் சொல்கிறேன். என்.டி.எஸ்.இ. என்பது தேசியத் திறனறித் தேர்வு. 1963இல் தொடங்கி என்.சி.இ.ஆர்.டி. நடத்திவந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கானது. மாநிலக் கட்டம், தேசியக் கட்டம் என்று இரண்டு படி. கடைசியில் நாடு முழுவதற்கும் இரண்டாயிரம் பேர் வரைக்கும் எடுத்தார்கள். 2021 மார்ச்சோடு திட்டத்தின் ஒப்புதல் காலம் முடிந்து அப்படியே நின்றுபோனது. என்.எம்.எம்.எஸ். என்பது தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. 2008இல் வந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் உள்ள பிள்ளைகளுக்கானது. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய். நாடு முழுவதற்கும் ஒரு லட்சம் இடம், தமிழ்நாட்டுக்கு 6,695.

இரண்டு தேர்விலும் இரண்டு தாள்தான். ஒன்று மனத்திறன், இன்னொன்று பாடத்திறன். எண் தொடர், உருவ ஒப்பீடு, சங்கேதக் குறியீடு என்று கேள்வியின் குடும்பமே ஒன்று. என்.டி.எஸ்.இ. கடினமானது, இடமும் குறைவு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மதுராந்தகத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில், அறிவியலுக்கும் கணக்குக்கும் ஒரே ஆசிரியர் இருக்கும் நடுநிலைப் பள்ளியிலிருந்து, தேர்வு என்றால் என்னவென்றே வீட்டில் யாரும் விளக்கிச் சொல்ல முடியாத ஒரு பிள்ளை பதின்மூன்று வயதில் மாநிலம் முழுவதும் நடக்கும் ஒரு போட்டித் தேர்வில் வெல்வது, ஆறாம் வகுப்பிலிருந்து ‘ஃபவுண்டேஷன் கோர்ஸ்’ படித்த ஒரு பிள்ளை பதினைந்து வயதில் என்.டி.எஸ்.இ. வெல்வதைவிட எந்த வகையில் குறைந்தது என்று எனக்கு யாராவது சொல்லட்டும்.

நான் இருந்த ஒரு தேர்வுக் குழுவில் இது நடந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு பெண்ணின் ரெஸ்யூமில் ‘என்.எம்.எம்.எஸ். ஸ்காலர்’ என்று ஒரு வரி. எனக்குப் பக்கத்தில் இருந்த மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, ‘இது என்ன, எஸ்.சி. ஸ்காலர்ஷிப்பா?’ என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில், அரசு பணம் கொடுத்தால் அது உதவி. அறிவுக்குப் பரிசு என்றால் அது வேறெங்கிருந்தோ வருவது. பெயரிலேயே ‘வருவாய்’ என்று இருக்கிறதே, பின்னால் ‘தகுதி’ என்று இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை. அந்தப் பெண்ணிடம் அடுத்து அவர் கேட்ட கேள்வி, ‘உங்கப்பா என்ன பண்றார்?’

இதே பட்டியலில் இன்னும் இருக்கின்றன. ஊரகத் திறனாய்வுத் தேர்வு: ஒன்பதாம் வகுப்பு, மாவட்டத்துக்கு ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியர். (நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கிடையாது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் மாடம்பாக்கமும் அதற்குள் வந்தன. பலகை மாறியது, அங்குள்ள பள்ளியின் கணக்கு ஆசிரியர் எண்ணிக்கை பலகையோடு சேர்ந்து மாறிவிடுவதில்லை.) 2023இல் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு: அரசுப் பள்ளி மாணவர்கள், மாநிலம் முழுவதற்கும் ஆயிரம் பேர். ஆயிரம் பேர்! என்.டி.எஸ்.இ.யில் நாடு முழுவதற்கும் இரண்டாயிரம். ஆனால் ஒன்றை ரெஸ்யூமில் போட்டால் ‘பிரைட்’, இன்னொன்றைப் போட்டால் ‘ஸ்டேட் கவர்மென்ட் ஸ்கீம்’.

கே.வி.பி.ஒய். விஷயத்துக்கு வருவோம். கிஷோர் வைக்யானிக் புரோட்சாஹன் யோஜனா. 1999இல் ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கியது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நடத்தியது. அடிப்படை அறிவியல் படிக்கப் போகிறவர்களுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய் உதவித்தொகை தருவது நோக்கம். பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. இருந்தும் பொறியியலுக்குப் போகவிருந்த பிள்ளைகள் அதை எழுதினார்கள். ஏன்? ரெஸ்யூமுக்காக. பணம் வேண்டாம், பட்டம் போதும் என்கிற நிலையில் உள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் இப்படி ஒரு தேர்வை எழுத முடியும்.

அந்தத் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருந்தது. மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் 2021இல் இதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். பிற மொழிகளிலும் நடத்த வேண்டும் என்பது வழக்கு. அந்த ஆண்டு நவம்பரில் நடக்கவிருந்த தேர்வு தள்ளிப்போனது. 2022இல் திட்டமே இன்ஸ்பயர் திட்டத்தோடு இணைக்கப்பட்டு முடிவுக்கு வந்தது. ஆக இருபதாண்டுக்கு மேல் தமிழில் கேள்வி கேட்காத ஒரு தேர்வு, தமிழ்வழியில் படித்த பிள்ளையின் ரெஸ்யூமில் ‘இல்லை’ என்பதை ஒரு குறையாக நாம் இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறோம். தேர்வு செத்துவிட்டது. அதை எழுதிக் கடைசியாகத் தேறிய பிள்ளைகள் இப்போதுதான் வேலைச் சந்தைக்கு வருகிறார்கள். இன்னும் பத்து வருடத்துக்கு அந்த வரி வேலை செய்யும்.

நுழைவுத் தேர்வு எதை அளக்கிறது என்ற விவாதம் தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அது நகரத்துப் பயிற்சி வகுப்புகளுக்கும் அவற்றுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கும் சாதகம் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசி, 2006இல் சட்டம் இயற்றி அதை ஒழித்தோம். கல்லூரி வாசலில் ஒழித்தது கம்பெனி வாசலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அங்கே சட்டமும் கிடையாது, விவாதமும் கிடையாது.

கம்பெனிக்காரர்களின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அங்கேயும் உட்காருகிறவன். ஒரு காலியிடத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. எல்லோரிடமும் பி.இ. பட்டம் இருக்கிறது, எல்லாக் கல்லூரியும் எண்பது சதவீதம் போடுகிறது. பெரிய சேவை நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் அறுபது சதவீதம் என்று ஒரு கோடு போட்டுக் கழிக்கின்றன. அதிகச் சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு அந்தக் கோடு போதாது. கல்லூரிக்கு முன்பே வேறு யாரோ ஒருவர் செலவு செய்து வடிகட்டி வைத்திருந்தால் நமக்கு வேலை மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஒலிம்பியாட், கே.வி.பி.ஒய்., ஜே.இ.இ. தரவரிசை எல்லாம் இந்த ‘மற்றவர் வடிகட்டிய’ கணக்குத்தான். சோம்பேறித்தனம் என்று சொல்லலாம், ஆனால் அதில் ஒரு கணக்கும் இருக்கிறது.

ஒலிம்பியாடை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஹோமி பாபா மையம் நடத்தும் கணித ஒலிம்பியாடில் தேசியக் கட்டம் வரை போன பிள்ளை, நான்கரை மணி நேரம் ஆறு கணக்கோடு உட்காரப் பழகிய பிள்ளை. அது உண்மையான திறன். சிறுசேரியில் நம் கண்ணெதிரே இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் அந்தக் கட்டத்தில் நன்றாகச் செய்தவர்களை நுழைவுத் தேர்வு இல்லாமலே எடுத்துக்கொள்கிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்கு வேண்டியது அதே திறன்தான். ஆனால் வங்கிச் செயலிக்குப் பிழை திருத்தும் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிக்கு ஒலிம்பியாட் எதற்கு? அங்கே அந்த வரி கணக்குத் திறனைச் சொல்வதில்லை. ‘இவன் நம்ம மாதிரி வீட்டுப் பையன்’ என்று சொல்கிறது.

இது என் ஊகமல்ல. அமெரிக்காவில் லாரன் ரிவேரா, ஆண்ட்ராஸ் டில்சிக் என்ற இரு சமூகவியலாளர்கள் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய சட்ட நிறுவனங்களின் 316 அலுவலகங்களுக்குக் கற்பனை ரெஸ்யூம்கள் அனுப்பினார்கள். கல்லூரி, மதிப்பெண், வேலை அனுபவம் எல்லாம் ஒன்றே. மாற்றியது கடைசியில் உள்ள சின்னச் சின்ன விவரங்களை மட்டும்: ஒருவனுக்குப் பாய்மரப் படகுப் போட்டி, போலோ, இன்னொருவனுக்கு ஓட்டப்பந்தயம், ஏழை மாணவர்களுக்கான விளையாட்டு உதவித்தொகை. மேல்தட்டு அடையாளம் உள்ள ஆண்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு அழைப்பு வந்தது. மற்ற வகை ஆண்களுக்கு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. உதவித்தொகை பெற்றேன் என்பது உழைப்பின் அடையாளமாக அல்ல, வீட்டின் அடையாளமாகப் படிக்கப்பட்டது. என் பக்கத்து நாற்காலி மேலாளர் அமெரிக்காவிலும் இருக்கிறார்.

இங்கே சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 66 வாரங்கள், 548 வேலை விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மறுபக்கமாக, டெல்லியில் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் செய்த இதே மாதிரியான ஆய்வில் மென்பொருள் வேலைகளுக்குச் சாதிப் பெயரால் பாகுபாடு தென்படவில்லை என்று வந்தது. எதிர்த்தரப்பு அடிக்கடி இதைத்தான் எடுத்துக் காட்டும், அதனால் நாமே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது பெயரை. அழைப்பு வந்த பிறகு நேர்காணல் அறையில் நடப்பதை அல்ல. அதே 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்கள் 25 பேரைச் சந்தித்துப் பேசினார்கள். எல்லோரும் ‘தகுதி மட்டும்தான்’ என்றார்கள். எல்லோரும் குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1929 பிப்ரவரியில், தாம்பரத்திலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் செங்கல்பட்டில், முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்த சௌந்தரபாண்டியன் தன் பெயரிலிருந்தே வெட்டினார். அதனால் நம்மூர் ரெஸ்யூமில் பெயரைப் பார்த்துச் சாதி தெரியாது. ஒரு இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். இது மாபெரும் சாதனை. ஆனால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற கண் சும்மா இருக்காது. பெயரில் கிடைக்காததை மற்ற வரிகளில் தேடும். வெட்டிய வால் இப்போது ரெஸ்யூமின் அடிப்பகுதியில் முளைத்திருக்கிறது: எந்தப் பள்ளி, எந்தத் திட்டம், எந்த உதவித்தொகை, எந்த முகவரி.

முகவரியைச் சொன்னேன் அல்லவா? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் ஆற்றங்கரையிலிருந்து பிடுங்கி ஓ.எம்.ஆர். ஓரத்தில் கொண்டுவந்து நட்ட மக்கள். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்கள். அந்தக் கட்டடத்துக்கு வேலை கேட்டுப் போகும் பிள்ளைகள் ‘துரைப்பாக்கம்’ என்றோ ‘சோழிங்கநல்லூர்’ என்றோ முகவரி எழுதுகிறார்கள். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று அந்த மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டால் தப்பித்துவிடலாமா? அங்கே ஜே.இ.இ. தரவரிசை இருக்கிறது. இருபது வயதில் வேலைக்கு வருகிறவனிடம் பதினேழு வயதின் தரவரிசையைக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. கணினி அறிவியல் படிக்கும் ஒரு மாணவர் பொதுத் தரவரிசையை எழுதினால், அந்த எண்ணுக்கு அந்தத் துறை எப்படிக் கிடைத்தது என்று கணக்குப் போட்டுச் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிரிவுத் தரவரிசையை எழுதினால் பிரிவின் பெயரே அதில் இருக்கிறது. எழுதாமல் விட்டால், விட்டதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று படிப்பார்கள். வட்டாட்சியர் கொடுப்பது ஒரு சாதிச் சான்றிதழ், ஜே.இ.இ. கொடுப்பது இன்னொன்று. முதல் சான்றிதழாவது இடத்தைப் பெற்றுத் தருகிறது.

போன ஆண்டு ஊரப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெண் படிப்பகத்துக்கு வந்தார். மின்னணுவியல் பொறியியல், இறுதியாண்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர். 2021இல் அந்த ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்ததால் கட்டணம் முழுவதையும் அரசே கட்டியது. என்.எம்.எம்.எஸ். தேறியவர். பள்ளியின் பெயர் அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி. ‘அண்ணா, ஸ்கூல் பேர எடுத்துட்டு வெறும் கவர்மென்ட் ஸ்கூல்னு போட்டுக்கட்டுமா?’ என்று கேட்டார். கூட இருந்த தோழர் ஒருவர், ‘எதுக்கும்மா மறைக்கணும், நெஞ்ச நிமித்திப் போடு’ என்றார். அந்தப் பெண் அவரைப் பார்த்து, ‘உங்களுக்கு வேலை இருக்கு சார்’ என்றார்.

நானும் அதே மாதிரிப் பள்ளியில் படித்தவன். நெஞ்சை நிமிர்த்துவதற்கு எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியும். அது தனியாளாக ஒரு பெண் இருபத்தொரு வயதில் கட்ட வேண்டிய கட்டணம் அல்ல. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி அடையாளங்களை நீக்க வேண்டும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று நாங்குநேரிக் கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 2025இல் மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதி’ ஆயின. விடுதியின் பெயர் ரெஸ்யூமில் வராது. பள்ளியின் பெயர் வரும். இதில் நம் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அந்தப் பள்ளிகள் நமக்காகப் போராடிப் பெற்றவை, பெயரை விட்டால் நிலமும் நிதியும் போகும் என்கிறவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை அந்தப் பெண்ணின் ரெஸ்யூம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அவரிடம் நான் சொன்னது இதுதான். பள்ளியின் பெயர் வேண்டாம். கல்லூரி முடித்தவருக்குப் பள்ளிப் பெயர் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மதிப்பெண்ணும் ஆண்டும் போதும். சான்றிதழ் சரிபார்க்கும்போது பார்த்துக்கொள்ளட்டும். என்.எம்.எம்.எஸ். வரியை எடுக்க வேண்டாம், ஆனால் வெறும் எழுத்துகளாகப் போட வேண்டாம். ‘மனத்திறன், பாடத்திறன் ஆகியவற்றில் மாநிலம் முழுவதும் நடந்த போட்டித் தேர்வில் தேர்வு பெற்றேன், தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள்’ என்று ஒரு வரியில் விளக்கி எழுத வேண்டும். என்.டி.எஸ்.இ. எழுதியவனுக்கு இந்த விளக்கம் தேவையில்லை, நமக்குத் தேவைப்படுகிறது, அநியாயம்தான். ஆனால் எண்ணைப் பார்த்தால் எச்.ஆர். ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடிதான் கேட்கிறோம்.

‘நான் முதல்வன்’ பற்றியும் கேட்கிறார்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய திட்டம்; லட்சக்கணக்கான மாணவர்கள் அதில் பயிற்சி பெறுகிறார்கள். அது எல்லோருக்குமானது, அதுதான் அதன் சிறப்பு. ஆனால் எல்லோரிடமும் இருக்கும் சான்றிதழ் வடிகட்டுகிறவருக்கு உதவாது, ஆகவே அதை மேலே போட்டு ஏமாற வேண்டாம். அந்தப் பயிற்சியில் எதைக் கட்டினீர்கள், எந்த உணரியை எந்தப் பலகையோடு இணைத்தீர்கள், எங்கே கருகியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைப் போடுங்கள். 2022லும் 2023லும் விண்ணில் ஏவப்பட்ட ஆசாதிசாட் செயற்கைக்கோள்களுக்கான கருவிகளில் நாடெங்கும் அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் வேலை செய்தார்கள். முதல் முறை ராக்கெட் சரியான பாதையில் விடவில்லை, இரண்டாம் முறை போய்ச் சேர்ந்தது. அதில் இருந்த ஒரு மாணவி நாளை என் முன்னால் வந்தால், ‘செயற்கைக்கோள் செய்தேன்’ என்ற வரியைவிட ‘இந்தச் சில்லுக்கு இந்த நிரலை ஏற்றினேன்’ என்ற வரிதான் அவரைக் காப்பாற்றும்.

பணம் கட்டிய சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற நிறுவனம், கோடிங் படித்த பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் என்று விளம்பரம் செய்தது. அந்தப் பையன் பெயர் வுல்ஃப் குப்தா. அப்படி ஒரு பையனே இல்லை. விளம்பரத் தர மன்றம் தலையிட்டு விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. அந்தக் காலத்தில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் கடன் வாங்கிக் கோடிங் வகுப்புக்குக் கட்டிய பெற்றோர்களை எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழுக்கு இன்று எந்த அறையிலும் மதிப்பு கிடையாது. யாராவது உங்கள் தம்பி தங்கைக்கு ‘ரெஸ்யூமுக்கு உதவும்’ என்று கோடை முகாம் விற்க வந்தால், கதவைச் சாத்துங்கள்.

குரோம்பேட்டை என்று சொன்னதும் இன்னொன்று. அந்த ஊருக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் தொழிற்சாலையால். யார் கை தோலைத் தொட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு இடம் கிடைத்த அப்துல் கலாமிடம் கட்டணத்துக்குப் பணம் இல்லை. அக்கா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் சேர்ந்தார். இந்தக் கதையை எல்லாக் கம்பெனி விழாவிலும் கண் கலங்கச் சொல்வார்கள். அடகு வைத்த நகையைக் கொண்டாடுகிறவர்கள், அதே கதையின் இன்றைய வடிவமான ‘வருவாய்வழி உதவித்தொகை’ என்ற வரியைக் கண்டதும் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்கிறார்கள்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்பது நம் பழைய கோரிக்கை, அதில் மாற்றமில்லை. அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சிறுசேரி சிப்காட் நிலம் அரசுடையது. சோழிங்கநல்லூர் எல்காட் வளாகம் அரசுடையது. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் வந்த மெப்ஸ் வளாகம் ஒன்றிய அரசுடையது. அதன் அக்கம்பக்கத்தில்தான் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் சித்த மருத்துவமனையும் நிற்கிறது. நிலம் கொடுக்கிறோம், மின்சாரம் கொடுக்கிறோம், வரிச் சலுகை கொடுக்கிறோம். நான் முதல்வன் மேடையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும் நிறுவனங்களிடம் அரசு இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, புதிதாகப் பட்டம் பெற்றவர்களின் விண்ணப்பப் படிவத்தில் பள்ளிப் பெயர், நுழைவுத் தேர்வுத் தரவரிசை, பெற்றோர் தொழில் ஆகிய கட்டங்கள் இருக்கக் கூடாது. இன்னொன்று, ஆண்டுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்காணலுக்குப் போனார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைச் சமூகப் பிரிவு வாரியாகச் சொல்ல வேண்டும். தகுதி மட்டும்தான் பார்க்கிறோம் என்கிறவர்களுக்கு இதில் என்ன பயம்?

அரசு தன் பக்கத்திலும் ஒன்று செய்யலாம், செலவே இல்லாதது. என்.எம்.எம்.எஸ்., ஊரகத் திறனாய்வு, முதலமைச்சர் திறனாய்வு ஆகியவற்றில் தேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு பக்கச் சான்று: எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள், தேர்வு எதைச் சோதித்தது என்று மூன்று வரி. பதின்மூன்று வயதில் வாங்கும் அந்தத் தாளை ஒன்பது வருடம் கழித்து ஒரு எச்.ஆர். படிப்பார் என்பதை நினைவில் வைத்து எழுதிய தாள்.

நம் இளைஞர்களில் பலர் இப்போது தேர்வுக் குழுக்களில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், தோழர்களே. பக்கத்து நாற்காலிக்காரர் ‘இது என்ன ஸ்காலர்ஷிப்?’ என்று கேட்கும்போது, அது மாநில அளவிலான போட்டித் தேர்வு என்று அங்கேயே, அந்தப் பிள்ளை கேட்கும்படி சொல்லுங்கள். ‘உங்கப்பா என்ன பண்றார்?’ என்ற கேள்வி வந்தால், அது மதிப்பீட்டுத் தாளில் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். அறை ஒரு நிமிடம் அமைதியாகிறது; பிறகு எல்லோரும் நிரலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.